லேஅவுட் வரைபடத்தில் தெருவைப் படிப்பது எப்படி? சென்னையில் மனையோ ஃப்ளாட்டோ பார்ப்பவர்களுக்கு

புதிதாக ஒரு மனைப்பிரிவோ அடுக்குமாடியோ வரப்போகிறது என்றால் எல்லோர் கண்ணும் முதலில் போவது சதுர அடி விலை, மனை எண், வாசல் கிழக்கா வடக்கா என்பதில்தான். தெரு அந்த மனைகளுக்கு நடுவே மிச்சம் விட்ட வெள்ளைக் கோடாகத்தான் வரைபடத்தில் தெரியும், யாரும் அதில் நின்று பார்ப்பதில்லை. ஆனால் வீட்டை இடித்துக் கட்டலாம், மாடி ஏற்றலாம், சுவரை நகர்த்தலாம். தெருவை மட்டும் ஒருமுறை குறுகலாகப் போட்டு இரண்டு பக்கமும் வீடு எழும்பிவிட்டால் அப்புறம் அதை அகலப்படுத்த யாராலும் முடியாது. மடிப்பாக்கம், மேடவாக்கம், கொளத்தூர் பக்கம் உள்தெருக்களில் கோடைக்காலத்தில் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்து நிற்பதையும், பின்னால் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருப்பதையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கும், பக்கத்துக் காலி இடத்தில் பெரிய புராஜெக்ட் வருகிறது என்று கேள்விப்பட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் இருக்கும் நலச்சங்கத்தாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வரைபடம் படித்துப் பழக்கம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு ஸ்கேல், பென்சில், 30 மீட்டர் டேப், ஒரு காலைப்பொழுது போதும். இரண்டு விஷயத்தை மட்டும் கடைசிவரை மறக்காதீர்கள்: மெயின் ரோட்டில் தொடங்கி உள்ளே வாருங்கள், காரை விட்டுவிட்டு லாரியை மனதில் வைத்துப் பாருங்கள்.

கையில் இருப்பது எந்த வரைபடம்

கலர் கலராக மரம் வரைந்து, நடுவில் நீச்சல்குளம் போட்டுக் கொடுக்கும் பிரோஷரை ஓரமாக வையுங்கள். அதில் தெரு அகலமாகத் தெரியும், ஏனென்றால் அளவுக்கு வரைந்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது அனுமதிக்குக் கொடுத்த, அல்லது அனுமதி வாங்கிய வரைபடம். அந்த அனுமதியைத் தருவது சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), அதற்கு வெளியே என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). மொத்த இடம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் கீழ் பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் ஒப்புதல் பெற்ற வரைபடம் கிடைக்கும். விற்பனை நடக்கும் இடத்தில் ஒப்புதல் வரைபடத்தைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ரெரா சட்டமே சொல்கிறது, எனவே கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்னும் ஒப்புதல் வராத திட்டம் என்றால் கொஞ்சம் அலைச்சல்தான். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். அந்த விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறியிருக்கும், அதோடு இணைத்த கோப்புகளில் வண்டிகள் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்பதையும் பெரும்பாலும் காட்டியிருப்பார்கள். சின்னத் திட்டம் என்றால் புரமோட்டரிடமே எழுத்தில் கேளுங்கள், தரவில்லையா, திட்ட அனுமதி தரும் அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

காகித லாரி

வரைபடத்தை அளவுக்கு அச்செடுப்பதுதான் அடுத்த வேலை. பி.டி.எஃப். கோப்பை வீட்டுப் பிரிண்டரில் ஏ4 தாளில் எடுத்தால் அளவு சுருங்கிவிடும், ஓரத்தில் 1:500 (தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 5 மீட்டர்) என்று போட்டிருந்தாலும் அது பொய்யாகிவிடும். ஜெராக்ஸ் கடையில் பிளான் பிரிண்ட் எடுக்கும் இடமாகப் பார்த்து அசல் அளவில் எடுங்கள். எடுத்ததும் ஒரு மனையின் நீளத்தை ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள். 40 அடி மனை என்றால் 12.2 மீட்டர், 1:500-ல் அது கிட்டத்தட்ட 2.4 சென்டிமீட்டர் வர வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து 1.6 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். எட்டு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள லாரி அது. தண்ணீர் லாரி, கழிவுநீர் லாரி, குப்பை லாரி, தீயணைப்பு வண்டி எல்லாம் ஏறத்தாழ இந்த அளவில்தான் வரும். இப்போது மெயின் ரோட்டில் அந்தத் துண்டை வைத்து, விரலால் நகர்த்தி, லேஅவுட்டின் கடைசி மனை வரை கொண்டுபோங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மெதுவாகத் திருப்புங்கள். லாரி நின்ற இடத்தில் சுற்றாது, முன்சக்கரம் வெளிப்பக்கம் அகலமாகப் போகும், பின்சக்கரம் உள்மூலையை வெட்டிக்கொண்டு போகும். துண்டின் பின்மூலை மனைக்குள் ஏறினால் நாளைக்கு அங்கே காம்பவுண்ட் சுவர் இடிபடும். அந்த மூலையில் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். அப்படியே திரும்பி வெளியே கொண்டுவாருங்கள். திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே வரவேண்டிய தெரு எது என்பது அப்போதுதான் தெரியும், அங்கேயும் ஒரு வட்டம்.

இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டாலே வரைபடத்தில் உள்ள பாதிக் குறை வெளியே வந்துவிடும் என்பது என் அனுபவம்.

அப்ரோச் ரோடுதான் உயிர்

லேஅவுட்டுக்குள் 30 அடி ரோடு போட்டு என்ன பயன், உள்ளே வரும் வழி 15 அடியாக இருந்தால்? பிரச்சினை வரும் இடங்களில் பெரும்பாலும் உள்தெரு ஒழுங்காக இருக்கும், மெயின் ரோட்டிலிருந்து லேஅவுட் வாசல் வரை உள்ள அந்தக் கால் கிலோமீட்டர்தான் சிக்கல். அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் காகிதம். தமிழக அரசின் இ-சேவை தளத்தில் சர்வே எண் கொடுத்தால் பட்டாவும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் எனும் புல அளவு வரைபடமும் கிடைக்கும். அப்ரோச் ரோடு எந்த சர்வே எண்களில் போகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சாலை, வண்டிப்பாதை, சர்க்கார் புறம்போக்கு என்று இருந்தால் ஒரு கதை. தனியார் பட்டாவில் இருந்தால் வேறு கதை: இன்றைக்குத் தாராளமாக வண்டி போகும், நாளைக்கு அந்த நிலத்துக்காரரோ அவர் வாரிசோ கம்பிவேலி போட்டால் நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பதிவு செய்த பாதை உரிமை இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் தேடிப் பாருங்கள். ஸ்கெட்சில் ஓடை, வாய்க்கால் குறுக்கே போகிறதா என்பதையும் கவனியுங்கள். அதன் மேல் சிறுபாலம் கட்ட அனுமதி வாங்கியிருக்கிறார்களா, அது லாரியின் எடையைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

அப்புறம் நேரில் போய் டேப் பிடியுங்கள். சுவரிலிருந்து சுவர் வரை அளந்து திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஈ.பி. கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுக்காரர்கள் தெருவில் இறக்கிவிட்ட வாசல் சரிவு, மூடியில்லாத மழைநீர் வடிகால், இத்தனையும் போக வண்டி ஓடக் கிடைக்கும் அகலம் எவ்வளவு என்று, இருப்பதிலேயே குறுகலான இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தெருவின் சராசரி அகலம் லாரிக்காரருக்கு ஒரு உதவியும் செய்யாது, குறுகின ஒரே இடம்தான் அவரை நிறுத்தும்.

உயரமான கட்டடம் என்றால் இன்னும் ஒன்று. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, அந்த வகைக் கட்டடத்துக்குத் தேவையான சாலை அகலம் வாசலுக்கு எதிரே மட்டும் இருந்தால் போதாது, குறைந்தது 500 மீட்டர் தூரத்துக்காவது அது தொடர வேண்டும். நேராகப் போகலாம், வளைந்தும் போகலாம், ஆனால் அகலம் குறையக் கூடாது. நடந்து போய் இதைச் சரிபார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

மெயின் ரோட்டில் சேரும் இடம்

ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. ரோடு, ரேடியல் ரோடு மாதிரி நடுவில் தடுப்பு உள்ள சாலையில் வாசல் வந்தால் யூ-டர்ன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலதுபக்கம் போக வேண்டியவர் இடதுபக்கம் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும் என்றால் என்ன நடக்கும் என்று நமக்கு நன்றாகத் தெரியும், பைக்குகள் ராங் சைடில் வரும். அது அந்த மனிதர்களின் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் வாசலை அங்கே வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். சர்வீஸ் ரோடு வழியாக நுழைய முடியுமா, பின்பக்கத் தெருவில் இரண்டாவது வாசல் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

வேலைநாள் ஒன்றில் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை அந்த முனையில் நின்று பாருங்கள். வண்டிகளை எண்ணுங்கள், பஸ் எங்கே நிற்கிறது, ஷேர் ஆட்டோ எங்கே ஆள் ஏற்றுகிறது, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் குறியுங்கள். 150 வீடு வரப்போகிறது, அதில் பாதி வீட்டிலிருந்து ஒரு வண்டி எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் கிளம்புகிறது என்று வையுங்கள், 48 விநாடிக்கு ஒரு வண்டி புதிதாக அந்த முனைக்கு வரும். இப்போதே அங்கே ஐந்து வண்டி வரிசையில் நிற்கிறது என்றால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வெளியே வரும் ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் சாலை தெரிகிறதா, மூலைக் கடையின் போர்டோ சுவரோ மறைக்கிறதா என்று கார் சீட் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் எல்லாம் தெரிகிற மாதிரிதான் இருக்கும்.

உள்தெருக்கள்

விளம்பரத்தில் 23 அடி, 30 அடி ரோடு என்று போடுவார்கள். வரைபடத்தில் அது 7.2 மீட்டர், 9 மீட்டர் என்று இருக்கும். 7.2 மீட்டரைக் கேட்டதும் போதும் என்றுதான் தோன்றும், ஒரு கழித்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டி ஒரு கார் நின்றால் இடைவெளியோடு சேர்த்து 2.1 மீட்டர் போகும். இரண்டு பக்கமும் நின்றால் 4.2 போய் மிச்சம் 3 மீட்டர். லாரியின் அகலம் இரண்டரை, இரண்டு பக்கக் கண்ணாடியும் சேர்ந்தால் ஒட்டி உரசிக்கொண்டுதான் போகும். இதே கணக்கில் 9 மீட்டர் தெருவில் 4.8 மீட்டர் மிஞ்சும், லாரி போகும்போது எதிரே ஒரு ஸ்கூட்டர் தைரியமாக வரலாம். இந்த 1.8 மீட்டர் வித்தியாசத்துக்காக வாதாடுவது வீண் இல்லை. நீளமான தெரு, அதிக மனைக்குப் பொதுவான தெரு, மற்றத் தெருக்கள் வந்து விழும் தெரு, இவை மூன்றும் 9 மீட்டருக்குக் குறைந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், விதியில் இடம் இருந்தாலும் சரி.

மூலை மனைகளின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஸ்பிளே என்பார்கள். வரைபடத்தில் இருக்கும், களத்தில் கல் நடும்போது காணாமல் போகும். மூலை மனைக்காரர் நேர்கோணமாகச் சுவர் எழுப்பிவிட்டால் அந்தத் திருப்பம் போச்சு. இடத்துக்குப் போகும்போது இதைத் தனியாகப் பாருங்கள்.

முட்டுச் சந்துகளை எண்ணுங்கள். லேஅவுட் எல்லையில் போய் முட்டும் தெருவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பக்கத்து மனைப்பிரிவிலும் ஒரு தெரு அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் இரண்டையும் இணைக்கச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம். இரண்டு வழி இருக்கும் ஊரில் ஒரு மரம் விழுந்தாலும் ஆம்புலன்ஸ் வரும். பல இடங்களில் பக்கத்து மனைப்பிரிவு ஆட்கள் நம் தெருவில் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் நடுவே சுவர் வைத்துவிடுகிறார்கள், மழைக்காலத்தில் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து கஷ்டப்படுகிறார்கள். இணைக்கவே முடியாது என்றால் முனையில் வண்டி திரும்ப வட்டமான இடம் விட்டிருக்கிறதா பாருங்கள், உங்கள் காகித லாரி அங்கே திரும்புகிறதா என்பதுதான் சோதனை. தெருக்குத்து மனை என்று வாஸ்துவுக்காக ஒதுக்குவார்கள். வாஸ்து அவரவர் நம்பிக்கை, ஆனால் இரவில் திருப்பம் தெரியாமல் வரும் வண்டி நேராக அந்த வாசலுக்குத்தான் வரும் என்பதால் அங்கே விளக்கும் வேகத்தடையும் கேட்பது நல்லது.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்கா மாதிரி பொது உபயோகத்துக்கு விட வேண்டும், ஓ.எஸ்.ஆர். என்பார்கள். அதைக் கடைக்கோடியில், கோணல் மூலையில் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தைகள் எந்தத் தெருவைக் குறுக்கே கடந்து அங்கே போவார்கள் என்பதும் தெரு அமைப்பைச் சேர்ந்த கேள்விதான்.

அடுக்குமாடி என்றால்

வாசல் கேட்டின் அகலம் குறைந்தது 4.5 மீட்டர் வேண்டும். மேலே அலங்கார வளைவு கட்டினால் அதன் உயரம் 5 மீட்டருக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி வளைவுக்கு வெளியே நிற்கும். உயரமான கட்டடத்தைச் சுற்றியுள்ள பாதை 45 டன் எடையுள்ள வண்டியைத் தாங்க வேண்டும், திரும்ப 9 மீட்டர் ஆரம் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அந்தப் பாதையில்தான் பின்னால் செடித்தொட்டியும் விருந்தினர் பார்க்கிங்கும் ஜெனரேட்டரும் வந்து உட்காரும். வரைபடத்தில் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே படித்துவிடுங்கள்.

செக்யூரிட்டி கேட் சாலையை ஒட்டியே இருந்தால், உள்ளே பெயர் எழுதும்வரை வெளியே வண்டி நிற்கும், பின்னால் பஸ் நிற்கும். கேட்டை இரண்டு கார் நீளமாவது உள்ளே தள்ளச் சொல்லுங்கள். அடித்தள பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவு 1-க்கு 8, அதாவது 3 மீட்டர் இறங்க 24 மீட்டர் நீளம் வேண்டும். வரைபடத்தில் 15 மீட்டர்தான் இருக்கிறது என்றால் எங்கேயோ ஏமாற்று இருக்கிறது. கார் நிறுத்தும் கட்டம் 2.5-க்கு 5 மீட்டர். தூணை உள்ளே விட்டுக் கணக்குக் காட்டியிருக்கிறார்களா என்று நாலைந்து கட்டத்தையாவது ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

தண்ணீர்

சென்னையில் தெருவைப் பற்றிப் பேசிவிட்டுத் தண்ணீரை விட்டால் அது பாதிப் பேச்சு. 2015-ல் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமும் தெருக்கள்தான் வாய்க்காலாக ஓடின. லெவல் குறித்த வரைபடம் கேளுங்கள். மெயின் ரோடு, அப்ரோச் ரோடு, உள்தெரு மூன்றின் மட்டமும் எவ்வளவு, மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, அந்த இடம் இதைவிடத் தாழ்வாக இருக்கிறதா? புது லேஅவுட்டை மண் கொட்டி உயர்த்தினால் பக்கத்துப் பழைய தெருவுக்கு வெள்ளம் போகும், அது உங்கள் தெருவாக இருந்தால் இப்போதே எழுத்தில் ஆட்சேபியுங்கள். ஒரே ஒரு அப்ரோச் ரோடு, அதுவும் தாழ்வான இடத்தில் என்றால், வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் மூன்று நாள் வெளியே வர முடியாது. அங்கே கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள், எந்த வருடம் முழங்கால் வரை நின்றது என்று அவர் சுவரைக் காட்டியே சொல்லிவிடுவார்.

தெரு யாருக்குச் சொந்தம்

மனைப்பிரிவில் சாலைகளையும் ஓ.எஸ்.ஆர். இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்த பிறகு அது பொதுச்சாலை, விளக்கும் தாரும் கேட்கும் உரிமை உங்களுக்கு வரும். கூடவே, கேட் போட்டுப் பூட்டி வெளியாட்களை நிறுத்தும் உரிமை போகும். “கேட்டட் கம்யூனிட்டி” என்று சொல்லி மனை விற்கிறவர்களிடம், சாலைகளைத் தானமாகக் கொடுத்தாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதிக் கொடுங்கள்

வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது. வட்டம் போட்ட இடங்களை வரிசையாக எண்ணிட்டு, வரைபடத்தின் நகலை இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். “போக்குவரத்து நெரிசல் வரும், தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் அதற்குப் பதில் எழுதுவது அவர்களுக்குச் சுலபம். “அப்ரோச் ரோட்டில் இந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, ஈ.பி. கம்பம் போக 4.1 மீட்டர்தான் இருக்கிறது, புகைப்படம் இணைத்துள்ளேன், கம்பத்தை நகர்த்தாமல் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது” என்று உங்கள் அளவோடு எழுதினால் யாராவது வந்து டேப் பிடித்தாக வேண்டும். புரமோட்டருக்கு ஒரு பிரதி, திட்ட அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஒன்று, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கோ ஊராட்சிக்கோ ஒன்று, மூன்றையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சங்கமாகச் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது, ஆனால் பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருந்து தாமதிக்க வேண்டாம். ஒப்புதலுக்கு முன்னால் போகும் ஒரு ஆளின் கடிதம், ஒப்புதலுக்குப் பின்னால் போகும் நூறு பேரின் மனுவைவிடப் பயன் தரும்.

திருத்திய வரைபடம் வந்தால் மாற்றிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஒரு மூலையில் 9 மீட்டர் கொடுத்துவிட்டு இன்னொரு தெருவில் எடுத்திருக்கலாம், பூங்கா வேறு பக்கம் போயிருக்கலாம். மறுபடி அச்செடுத்து, மனை நீளத்தை அளந்து, காகித லாரியை மெயின் ரோட்டிலிருந்து முழுவதுமாக ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே விற்பனை தொடங்கிவிட்ட திட்டம் என்றால், பொது இடங்களை மாற்றுவதற்கு, மனையோ வீடோ வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்பது ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு. கையெழுத்துக் கேட்டு யாராவது ஒரு தாளை நீட்டினால், புது வரைபடத்தைக் கையில் வாங்கி அளந்து பார்க்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.